மஞ்சள் வைத்த ரப்பீஸ் மேடு

வீடு கட்டுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுவார்கள். கடன், சிமெண்டு, மேஸ்திரி, மழை என்று அதற்கு ஆயிரம் பயம் உண்டு. இடிப்பதற்கு யாரும் பயந்து நான் பார்த்ததில்லை. கடப்பாரையை வைத்து நெம்பினால் விழப்போகிறது, அதில் என்ன இருக்கிறது என்பார்கள். எனக்கோ பயம் வந்ததே இடித்ததில்தான். இடிந்து விழுந்த சுவரில் அல்ல. விழுந்த பிறகு அள்ளாமல் வாசலில் கிடந்த மேட்டில்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். குவார்ட்டர்ஸில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் வாசலில் ஒரு செங்கல் கிடந்தால் அதை அப்புறப்படுத்த யாராவது வருவார்கள். நம்முடைய குப்பை எங்கே போகிறது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அங்கே காலம் ஓடியது. அப்புறம்தான் சொந்த வீட்டு ஆசை வந்து, திருவேற்காட்டில் அம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கினோம். பின்பக்கம் இரண்டு அறை உறுதியாக இருந்தன. முன்பக்கம் சுண்ணாம்புக் காரை உதிர்ந்து, ஓடு சரிந்து, மழைக்கு முன்னே விழுமா பின்னே விழுமா என்று நின்றது. முன்பக்கத்தை இடித்துவிட்டுத் தளம் போடலாம், அதுவரை பின்பக்கத்தில் இருந்துகொள்ளலாம் என்பது திட்டம்.

அந்த இரண்டு அறைக்குள் நாங்கள் நான்கு பேர். நான், என் கணவர், அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த எங்கள் மகன், என் மாமியார். மாமனார் போன பிறகு அத்தையைச் செஞ்சிப் பக்கத்திலிருந்து எங்களோடு அழைத்து வந்திருந்தோம். அத்தைக்கும் எனக்கும் பெரிய சண்டை எதுவும் கிடையாது. சின்னச் சின்னதாகத் தினமும் உண்டு. அவருக்கு எதற்கெடுத்தாலும் சாமி. எனக்கு எதற்கெடுத்தாலும் வாய்.

இடிக்கிற வேலை சீக்கிரமே முடிந்தது. நல்ல செங்கல்லையும் உடையாத ஓட்டையும் மேஸ்திரி பொறுக்கி அடுக்கிவிட்டார். மிச்சமெல்லாம் ரப்பீஸ். உடைந்த செங்கல், ஓட்டுத் துண்டு, காரைக்கட்டி, மக்கிப்போன மரச்சட்டம் எல்லாம் சேர்ந்து ஒரு குன்று. அதை அள்ளுவதற்கு ஒரு டிராக்டர்காரரை ஏற்பாடு செய்திருந்தோம். அவர் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. பின்னால் இருக்கும் டிரெய்லரைக் கழற்றி வாசலில் நிறுத்திவிட்டு, டிராக்டரை ஓட்டிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆட்கள் டிரெய்லரை ரொப்பி வைத்தால் சாயங்காலம் வந்து மாட்டிக்கொண்டு போவார். வண்டி காத்து நிற்கிறதே என்று யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை.

என் கணவருக்குத்தான் அதில் ஒரு கேள்வி இருந்தது. அவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு முத்தாபுதுப்பேட்டையில் வீடு. முந்தைய மழையில் அந்த வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. யாரோ தங்கள் வீட்டை இடித்த ரப்பீஸை இருட்டோடு இருட்டாகக் கால்வாயில் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். உதவிக்குப் போய் அந்தத் தண்ணீரை இறைத்துவிட்டு வந்ததிலிருந்து இவருக்கு இந்த விஷயத்தில் ஒரு வைராக்கியம்.

"இதையெல்லாம் எங்க கொண்டுபோய்க் கொட்டுவே?" என்று டிராக்டர்காரரிடம் கேட்டார்.

"பாரிவாக்கத்துல ஒரு மனை கீது சார். பள்ளம். ஊடு கட்றதுக்கு முன்னாடி மேடு பண்ணணுமாம். அவுங்களே கேட்டுகினு கீறாங்க."

"நான் பாக்கணும்."

"இன்னா சார், ரப்பீஸுக்குப் பொண்ணு பாக்கற மாதிரி கேக்கறே" என்று டிராக்டர்காரர் சிரித்தார். ஆனாலும் இவர் சைக்கிளில் போய் மனையைப் பார்த்து, மனைக்காரரிடம் பேசிவிட்டுத்தான் வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போதும் மறுக்க மாட்டேன்.

கொஞ்சம் லோடு போயிற்று. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. மனைக்காரர் ஆடியில் மனையில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீடு கட்டப் போகிற நிலத்தில் ஆடி மாதம் ஒரு கூடை மண்கூட விழக் கூடாதாம்.

"ஆவணி பொறக்கட்டும் சார். மொத்தமா அள்ளிக்கினு போறேன்" என்று டிராக்டர்காரர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இன்னொரு லாரிக்காரர் வந்து, "சாயங்காலத்துக்குள்ள க்ளீன் பண்ணிடறேன், எங்க போவுதுன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார். என் கணவர் அவரை அனுப்பிவிட்டார். ஆடி முடிய எவ்வளவு நாளாகிவிடும், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அப்படித்தான் அந்த மேடு எங்கள் வாசலில் தங்கியது. ஒரு பக்கம் தெரு, ஒரு பக்கம் நாங்களும் அக்கம்பக்கத்தாரும் தண்ணீர் அடிக்கும் கைபம்பு, நடுவில் அது.

முதலில் எலி வந்தது. பிறகு ஒருநாள் காலையில் பாத்திரம் கழுவப் போனபோது, இரண்டு ஓட்டுக்கு நடுவில் கண்ணாடித்தாள் மாதிரி ஏதோ காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பாலிதீன் கவர் என்று நினைத்து நுனியைப் பிடித்து இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. என் கை நீளத்தைத் தாண்டியும் வந்தது. அதில் செதில் செதிலாக வரிகள் தெரிந்தபோதுதான் அது பாம்புச் சட்டை என்று புரிந்தது. கையை உதறினேன். உதறிய பிறகும் விரலில் ஏதோ ஒட்டியிருப்பது போலவே இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை.

உள்ளே ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அவரும் பயப்படுவார், இரண்டு பேருமாக இவரை நெருக்கி மேட்டை அகற்றச் சொல்லலாம் என்று நினைத்தேன். அத்தை வெளியே வந்து, சட்டையைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஆடி மாசம், அம்மா ஊரு. நம்ம வாசலுக்கு வந்திருக்கான்னா சும்மாவா?" என்றார்.

நான் மறுபடியும் கையைக் கழுவப் போனேன்.

அதற்கப்புறம் காரியங்கள் என் கையை மீறிப் போயின. பக்கத்து வீட்டில் ஒரு பூக்கட்டும் அக்கா இருந்தார். கோயில் வாசலில் பூ விற்பவர். அவர் ஒருநாள் உச்சி வெயிலில் தண்ணீர் அடிக்க வந்து, குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிவிட்டது.

"நல்ல பாம்புதான். படம் எடுத்துகினு நின்னுச்சு. என்னையே பாத்துச்சு. நான் பொய் சொன்னா என் நாக்கு அழுகிடும்" என்று அந்த அக்கா நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் என் பயமே. பொய்யாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை மஞ்சள் தண்ணீர் கரைத்து மேட்டின் மேல் ஊற்றி, குங்குமம் வைத்தார். பூக்கார அக்கா மஞ்சள் துணி ஒன்றைச் சுற்றினார். யாரோ வேப்பிலை செருகினார்கள். அப்புறம் பால். அப்புறம் முட்டை. வெளித்தெருப் பெண்களெல்லாம் குளித்து ஈரத்தலையோடு வரத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டு உடைந்த சுவர், எங்கள் வீட்டு ஓட்டை ஓடு, அதைச் சுற்றி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எங்கள் குளியலறையின் பழைய காரைக்கட்டி ஒன்று சாம்பிராணிப் புகையில் மினுங்கிக்கொண்டிருந்தது. வேறு யார் வீட்டிலாவது இப்படி நடந்திருந்தால் நானே சிரித்து உருண்டிருப்பேன்.

எனக்குச் சாமி நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் கணக்கு எனக்குப் புரிந்தது. முட்டைக்கு எலி வரும். எலிக்குப் பாம்பு வரும். நாம் பாம்பைக் கும்பிடவில்லை, விருந்து வைத்து உட்கார வைக்கிறோம் என்று அத்தையிடம் சொன்னேன்.

"வாய மூடு. காதுல விழப்போவுது" என்றார்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசு" என்றார். ஷிப்ட் முடிந்து வரும்போது, மேட்டுக்கு முன்னால் வந்ததும் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலையில் டன் கணக்கான இரும்போடு வேலை பார்க்கிற மனிதர்.

நான் பூண்டைத் தட்டித் தண்ணீரில் கரைத்து வீட்டைச் சுற்றித் தெளித்தேன். அத்தை அதைக் கழுவிவிட்டார். மறுபடியும் தெளித்தேன். ஒவ்வொரு பாயையும் உதறி, ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்துப் பார்த்தேன். அடுப்புக்குக் கீழே விறகை எடுக்கக் கை நீட்டுவதற்கு முன் குச்சியால் தட்டினேன். வேறு எந்த நினைப்பும் இல்லை. என் மகன்தான். புதிதாக நடக்கப் பழகிய குழந்தைக்கு உலகத்தில் இருக்கிற எல்லாமே எடுத்துப் பார்ப்பதற்குத்தான். மேட்டின் மேல் முட்டைகள் வரிசையாக இருந்தன. அவனுக்கு அவை பந்து. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவற்றைக் காட்டிக் காட்டிக் கேட்பான். அவன் காலில் மணி வைத்த கொலுசு போட்டுவிட்டேன், எங்கே போனாலும் சத்தம் கேட்கட்டும் என்று.

ஆவணி பிறந்ததும் டிராக்டர்காரர் சொன்னபடி டிரெய்லரோடு வந்தார். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டபோதே எனக்கு உயிர் வந்தது. அவர் டிராக்டரை நிறுத்தி, இறங்கி, மேட்டைப் பார்த்தார். மஞ்சள் துணியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நான் கைய வெக்க மாட்டேம்மா. புள்ளகுட்டிக்காரன்" என்றார்.

"எனக்கும் புள்ள இருக்குதுங்க. அதுக்குத்தான் எடுக்கச் சொல்றேன்" என்றேன்.

அவர் செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டார். காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சத்தம் தெருமுனையில் தேய்ந்து போகிறவரை நின்றேன். பின்னால் திரும்பியபோது அத்தை திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

அது நடந்தது ஒரு மத்தியானம். குழந்தையை அத்தை பக்கத்தில் பாயில் தூங்க வைத்துவிட்டு நான் தண்ணீர் அடிக்கப் போனேன். எங்கள் பம்பு எண்ணெய் காணாத பம்பு. ஒவ்வொரு அடிக்கும் கதறும். அந்தக் கதறலில் கொலுசுச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. குடம் நிறைந்து நான் கையை எடுத்தபோதுதான் மெல்லக் கேட்டது, எனக்குப் பின்னாலிருந்து.

அவன் மேட்டின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான். முட்டை ஒன்று உருண்டு ஓடுகளுக்கு அடியில் போயிருக்க வேண்டும். முழங்கைவரை கையைச் சந்துக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

கத்தவில்லை. கத்தினால் அவன் சிரித்துக்கொண்டு இன்னும் உள்ளே போவான் என்று தெரியும். அம்மா துரத்துகிறாள் என்பது அவனுக்கு விளையாட்டு. என் கால் தரையில் இருக்கிறதா என்றே தெரியாமல் நடந்தேன். பாதி தூரம் போயிருப்பேன். அவன் பாதத்துக்குப் பக்கத்தில், அவன் கை இருந்த சந்துக்கு அடுத்த சந்திலிருந்து அது வெளியே வந்தது. படம் எடுக்கவில்லை. அவசரமும் படவில்லை. என் மணிக்கட்டுக் கனம் இருக்கும். மஞ்சள் துணியின் நுனி வழியாக இறங்கி மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. கதவருகே அத்தை நின்றிருந்தார். கை தானாகக் குவிந்திருந்தது.

நான் அவனைத் தூக்கிவிட்டேன். கையில் உடைந்த முட்டை. மஞ்சள்கரு முழங்கை வழியாக ஒழுகியது. அதைத் துடைத்தபோது மணிக்கட்டில் இரண்டு சின்னக் கீறல் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்தில். இரண்டிலும் ரத்தம் துளிர்த்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை. பூக்கார அக்கா ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார். அத்தை தன் புடவைத் தலைப்பைக் கிழித்து அவன் கையில் கட்டினார். பூந்தமல்லி வரைக்கும் ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பாம்பைப் பார்த்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"பார்த்தோம்."

"கடிச்சதைப் பார்த்தீங்களா?"

எனக்குத் தெரியாது. அத்தைக்கும் தெரியாது. டாக்டர் கட்டை அவிழ்த்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ஓடு கிழித்ததாகவும் இருக்கலாம், இப்போது சொல்ல முடியாது என்றார். "இங்கேயே வெச்சிருங்க. தூங்க விடாதீங்க. கண்ணு சொருகுதா, எச்சில் முழுங்க முடியுதான்னு பாத்துக்கிட்டே இருங்க. ஏதாவது தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க."

அது அவன் தூங்குகிற நேரம். எந்த நாளும் அந்த நேரத்துக்கு அவன் கண் தானாகச் சொருகும். அன்றும் சொருகியது. அது தூக்கமா விஷமா என்று எங்களுக்கு எப்படித் தெரியும். கன்னத்தில் தட்டினேன். தண்ணீர் தெளித்தேன். அவன் சிணுங்கிவிட்டு மறுபடியும் என் தோளில் சாய்ந்தான். அத்தை அவனை என்னிடமிருந்து வாங்கித் தொடையில் கிள்ளினார். பேரன்மேல் நான் கை ஓங்கினாலே வீட்டை இரண்டாக்குகிறவர். அவன் வீறிட்டு அழுதான். அழுகிறான், அழுகிறான் என்று அத்தை என்னைப் பார்த்தார். அழுகை நிற்கக் கூடாதே என்று நாங்கள் இருவரும் மாறி மாறி அந்தக் குழந்தையைக் கிள்ளினோம். அவன் தொடை கன்றிச் சிவந்துவிட்டது. அவன் எச்சில் முழுங்குகிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஒரு பெண், "அம்மாளுக்கு ஏதாச்சும் வேண்டிக்கோங்க" என்றார். அத்தை அவரைப் பார்த்தார். திரும்பி மறுபடியும் குழந்தையைக் கிள்ளினார்.

பொழுது சாய்ந்த பிறகு டாக்டர் வந்து மறுபடியும் கண்ணைத் திறந்து பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லி வேடிக்கை காட்டினார். அவன் டாக்டரின் மூக்கைப் பிடித்து இழுத்தான். "ஓட்டுக் கீறல்தான். ஊசி போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க. கண்டதையும் வாசல்ல குவிச்சு வெக்காதீங்க" என்றார். திரும்பும்போது ஆட்டோவில் குழந்தை என் மடியில் தூங்கினான். அத்தை வெளியே பார்த்துக்கொண்டே, "அந்த டிராக்டர்காரன் ஊடு எங்க?" என்று கேட்டார்.

அடுத்த நாள் காலையிலேயே அத்தை ஆள் அனுப்பி டிராக்டர்காரரை வரவழைத்தார். டிரெய்லர் வாசலில் நின்றது. ஆட்கள் வந்து தள்ளி நின்றார்கள். யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஆட்களோடுதான் நின்றிருப்பார்.

அத்தை இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு மேட்டுக்குப் போனார். மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்துப் பூக்கார அக்காவிடம் கொடுத்தார்.

"கோயில்ல சேத்துடு."

"அம்மா கோவப்படுவா பெரிம்மா" என்றார் அந்த அக்கா.

"படட்டும். எம்மேல படட்டும்."

முதல் பாண்டுச் சட்டி ரப்பீஸை அத்தைதான் அள்ளி டிரெய்லரில் போட்டார். செஞ்சிப் பக்கம் கழனியில் வேலை பார்த்த உடம்பு. இரண்டாவதையும் அவர்தான் அள்ளினார். அதற்குப் பிறகுதான் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடப்பாரை நுனியால் ஒரு ஓட்டைப் புரட்டுவது, தள்ளி நின்று பார்ப்பது, அப்புறம் அள்ளுவது என்று வேலை நடந்தது. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கட்டுப் படியில் நின்றேன். ஒவ்வொரு ஓடு புரளும்போதும் இதோ இதோ என்று மூச்சு நின்றது. எலிக்குஞ்சுகள் வந்தன. முட்டை ஓடு வந்தது. இன்னொரு பாம்புச் சட்டை வந்தது. தரை தெரிகிறவரை அள்ளினார்கள். பாம்பு இல்லை.

கடைசி லோடுக்குள் எங்கேயாவது புதைந்து போயிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். லோடு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று நம்மில் ஒருவர் பார்க்க வேண்டும் என்று என் கணவரும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். குழந்தையை டிராக்டரில் ஏற்ற முடியாது. அத்தையிடம் விட்டுவிட்டு, டிராக்டர் சக்கரத்துக்கு மேலிருக்கும் மட்கார்டில் உட்கார்ந்து நான் பாரிவாக்கம் போனேன்.

மனைக்காரர் அங்கே காவலுக்கு ஒரு குடும்பத்தை வைத்திருந்தார். ஓலைக் குடிசையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். இடுப்பில் என் மகன் வயதில் ஒரு பெண்குழந்தை. எனக்கு அந்தக் குழந்தையைப் பார்த்ததும் நடந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொன்னேன். கேட்கக் கேட்க அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

"கும்புடாதே தங்கச்சி. கொழந்தையத் தூக்கிக்கிட்டு ரோட்டுப் பக்கம் போய் நில்லு" என்றேன்.

மேடாக விடக் கூடாது, கையோடு கையாகப் பரப்பிவிட வேண்டும் என்று டிராக்டர்காரரிடம் பிடிவாதமாக நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஆட்கள் பரப்பினார்கள். எலி ஒளிய ஒரு சந்து இல்லாதபடி எல்லாம் தரையோடு தரையாகப் படிந்தது. அதிலும் பாம்பு இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்தப் பெண் ரோட்டிலிருந்து கேட்டாள். "இங்கயும் இல்ல. அப்போ எங்கக்கா கீது அது?"

அந்த மேடு அதன் வீடு. வீட்டை அள்ளிக்கொண்டு வந்துவிட்டோம். அது அங்கேயேதான் எங்கோ இருக்கிறது. என் குழந்தையும் அங்கே இருக்கிறான்.

டிராக்டர் எவ்வளவு மெதுவாகப் போகும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கோயில் பக்கம் கூட்டத்தில் அது நின்றபோது குதித்து இறங்கி ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று விழுந்தது. நிற்கவில்லை.

பின்கட்டுப் படியில் அத்தை உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் மடியில் இருந்தான். அவன் இடுப்பைச் சுற்றித் தன் புடவைத் தலைப்பால் முடிச்சுப் போட்டுத் தன்னோடு கட்டியிருந்தார். அவன் அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் துணி காயப்போடும் மூங்கில் கழி, நுனி பிளந்து கிடந்தது. முற்றத்தில் பாண்டு ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டு, அதன்மேல் ஒரு செங்கல் இருந்தது.

நான் குழந்தையின் கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், வாயைத் திறந்து பார்த்தேன். அவனுக்கு ஒன்றுமில்லை.

"துணி தொவைக்கிற கல்லுக்கு அடியில இருந்துச்சு" என்றார் அத்தை. "கொழந்த உள்ள பாயில கெடந்தான். அது வாசப்படிகிட்ட வந்துடுச்சு. ஏறப் பாத்துச்சு. நான் அடிச்சிட்டேன்."

அவர் கண் பாண்டை விட்டு அசையவில்லை. கை இரண்டும் குழந்தையின் இடுப்பைப் பிடித்திருந்தன. எத்தனை வெள்ளிக்கிழமை அந்தக் கைகள் அதற்குப் பால் ஊற்றின என்று எனக்குத் தெரியும். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பால் ஊத்திப் பொதைக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "பாவம் எனக்குத்தானே வரும்? இவனுக்கு ஒண்ணும் ஆவாது இல்ல?" என்று கேட்டார்.

இதற்கெல்லாம் என்னிடம் எப்போதும் பதில் தயாராக இருக்கும். பாம்பு என்ன, சாபம் என்ன, முட்டைக்கு எலி வந்தது, எலிக்குப் பாம்பு வந்தது, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். குழந்தை முடிச்சை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் மணிக்கட்டில் அந்த இரண்டு கீறலும் அப்படியே இருந்தன.

"ஒண்ணும் ஆகாது அத்தை" என்றேன்.

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய், காய்ச்சாத பால் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன்.